வலிப்பு மாத்திரையோடு ஞாபகசக்தி சிரப்பும் கொடுக்கலாமா?

கல்லூரியில் படிக்கும் மகள் வலிப்புக்கு ஃபெனிடோயின் சாப்பிடுகிறாள், மறதி அதிகமாக இருக்கிறது, சங்கபுஷ்பி சிரப்பும் வல்லாரை மாத்திரையும் சேர்த்துக் கொடுக்கலாமா, மூலிகைதானே என்று கேட்டிருக்கிறீர்கள். அவளைப் பார்க்கும் டாக்டரிடம் காட்டாமல் கொடுக்காதீர்கள். சிரப்பை அறவே வேண்டாம். இதே மாதிரி ஒரு சிரப்புக்குப் பிறகுதான் என் தம்பி விழுந்தான்.

எங்கள் ஊர் குலசேகரம் பக்கம். தம்பிக்கு 17 வயதில் வலிப்பு தொடங்கியது. தினம் 300 மில்லிகிராம் ஃபெனிடோயின். 6 வருடம் ஒரு தடவைகூட வரவில்லை. அவன் ரப்பர் பால் வெட்டுகிறவன். அந்த வேலை வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார், வீட்டு நிலைமை விடவில்லை. சாமான் வாங்கப் போனால் பாதி மறந்து வருகிறான் என்று அம்மா புலம்பியதைக் கேட்டு, மாமா மார்த்தாண்டத்திலிருந்து சிரப் வாங்கி வந்தார். "இது மருந்தொண்ணும் இல்ல மக்கா, புத்திக்குள்ள டானிக்காக்கும்" என்றார். மூன்றாம் வாரம் விடியுமுன் தோட்டத்தில் வலிப்பு வந்து விழுந்தான். தோள்மூட்டு இறங்கிவிட்டது. வெட்டுக்கத்தி அவன் மேல் படாமல் தள்ளிக் கிடந்ததை நினைத்தால் இன்றும் எனக்குக் கை நடுங்கும்.

ரத்தத்தில் ஃபெனிடோயின் அளவு ஒரு மில்லிலிட்டருக்கு 10 முதல் 20 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டும். அவனுக்கு முன்பு 14 இருந்தது, அன்று 6. மாத்திரை தவறவில்லை, நானே எண்ணிக் கொடுப்பேன். டாக்டர் கேட்டார், வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறானா என்று. "வேற மருந்தொண்ணும் இல்ல சார்" என்றார் அம்மா. பொய் இல்லை. எங்கள் வீட்டில் அந்தப் பாட்டில் மாத்திரை டப்பாவில் இல்லை, ஹார்லிக்ஸ் பக்கத்தில் இருந்தது. மாத்திரையைக் கூட்டி எழுதிய சீட்டோடு மருந்துக்கடை வரிசையில் நிற்கும்போதுதான் எனக்கு அது ஞாபகம் வந்தது. திரும்பி ஓடினேன்.

டாக்டர் அந்தச் சீட்டை வாங்கிக் கிழித்துவிட்டு விளக்கினார். சங்கபுஷ்பி கலந்த ஆயுர்வேத மருந்தை ஃபெனிடோயினோடு சாப்பிட்ட இரண்டு நோயாளிகளுக்கு வலிப்பு கட்டுப்பாடு போனதைப் பார்த்து, எலிகளில் சோதித்து, 1992-லேயே ஆய்வுக் கட்டுரை வந்திருக்கிறது. தொடர்ந்து கொடுத்தபோது ரத்தத்தில் ஃபெனிடோயின் குறைந்தது. அந்த ஆயுர்வேத மருந்துக்குத் தனியாக வலிப்பைத் தடுக்கும் குணமும் தெரிந்தது என்பதையும் சொல்ல வேண்டும். மூலிகை கெட்டது என்று யாரும் சொல்லவில்லை, இரண்டும் சேர்ந்தால்தான் வினை. நான் ஓடிப்போய்ச் சொல்லாமல் இருந்திருந்தால் மாத்திரை கூடியிருக்கும். பிறகு என்றாவது சிரப்பை நிறுத்தும்போது அளவு மேலே ஏறியிருக்கும். ஃபெனிடோயின் கணக்கு நேர்க்கணக்கு இல்லை. 100 மில்லிகிராம் கூட்டினாலே சிலருக்கு ரத்த அளவு இரட்டிப்பாகிவிடும். அப்போது கண் ஆடும், எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும், நடை தள்ளாடும். காலை 8 மணிக்குத் தள்ளாடி வருகிற பையனை ஊர் என்ன சொல்லும்?

ஏற்றிவிடுகிற சாமானும் நம் அடுக்களையிலேயே இருக்கிறது. நல்லமிளகிலும் திப்பிலியிலும் உள்ள பைப்பரின் என்ற பொருள், ஃபெனிடோயின், இன்னொரு வலிப்பு மருந்தான கார்பமாசெபைன் இரண்டின் ரத்த அளவையும் கூட்டும். எங்கள் வீட்டில் ரசத்தை நிறுத்தவில்லை. ஆனால் சுக்கு, மிளகு, திப்பிலி சேர்ந்த திரிகடுகச் சூரணத்தைச் சளிக்கென்று மாதக்கணக்கில் தின்பது வேறு. ஜலதோஷம் வந்தால் ஆவி பிடிக்க யூக்கலிப்டஸ் தைலமோ கற்பூரமோ போடாதீர்கள், அவை தாமே வலிப்பைத் தூண்டக்கூடியவை. ஞாபகசக்திக்கென்று விற்கும் கிங்கோ மாத்திரையும் வேண்டாம். அமுக்கரா, வல்லாரை, நீர்ப்பிரமி எல்லாம் வலிப்பு மாத்திரை தரும் தூக்கக் கலக்கத்தைக் கூட்டலாம். அதனால் வல்லாரை மாத்திரையையும் கேட்டுவிட்டே கொடுங்கள்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். வலிப்பை அடியோடு மாற்றிவிடும், இங்கிலீஷ் மருந்தை நிறுத்து என்று யாராவது பெயரில்லாத பொடி தந்தால் வாங்காதீர்கள். அப்படிப்பட்ட பொடிகளில் ஃபீனோபார்பிட்டோன் என்ற இங்கிலீஷ் வலிப்பு மருந்தே கலந்திருந்தது கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. வலிப்பு மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் நிற்காத வலிப்பு வந்து உயிரே போகலாம். எங்கள் தாத்தா வர்ம ஆசான். கஷாயம் குடித்து வளர்ந்த வீடு இது, சித்த, ஆயுர்வேத வைத்தியத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. வேண்டுமென்றால் கோட்டாறு அரசு ஆயுர்வேதக் கல்லூரி போன்ற இடத்தில், மாத்திரைச் சீட்டைக் காட்டிக் கேளுங்கள்.

மகளின் மறதியையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அது தூக்கக் குறைவாலும் வரலாம், மாத்திரையாலேயே வரலாம். மாற்று மருந்துகள் இருக்கின்றன. தம்பிக்குக் கொஞ்சம் கொஞ்சமாக லெவெடிராசெட்டத்துக்கு மாற்றினார்கள். இப்போது ரப்பர் நாற்றுப் பண்ணையில் வேலை செய்கிறான், விடியும்வரை தூங்குகிறான், சாமானும் மறப்பதில்லை.

போகும்போது சிரப்பின் பெயரை எழுதிக்கொண்டு போகாமல் பாட்டிலையே எடுத்துப் போங்கள். வடக்கே சங்கபுஷ்பி என்பது ஒரு செடி. கேரளத்தில் அதே பெயரில் சொல்வது நம் வேலியில் நீலமாகப் பூக்கும் சங்குபுஷ்பம். பெயரை மட்டும் சொன்னால் எந்தச் செடி என்று டாக்டருக்குத் தெரியாது.