ஏசி ஃப்ரிட்ஜ் மெக்கானிக் படிக்கிறவங்களுக்கு பிசிக்ஸும் கணக்கும் எந்த அளவுக்குத் தெரிஞ்சிருக்கணும்?

கேள்வி கேட்ட தம்பி பத்தாவது முடிச்சிட்டு ஐடிஐல ஏசி ஃப்ரிட்ஜ் ட்ரேட்ல சேந்திருக்காரு, கணக்குன்னாலே பயம்ங்கறாரு, ஒர்க்‌ஷாப் கால்குலேஷன் வகுப்புல சொல்லித் தர்றது எதுவும் வேலைக்குப் போனா உதவாதுன்னு சீனியர் பசங்க சொல்றாங்களே உண்மையான்னு கேட்டிருக்காரு.

உண்மை இல்ல தம்பி. சேலத்துல 19 வருஷமா இந்த வேலையில இருக்கேன், அந்த வார்த்தைய நம்பி நானும் ரெண்டு வருஷம் வீணடிச்சேன், அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதுறேன். அதுக்காக பயப்படவும் வேண்டாம். கூட்டல் கழித்தல், பின்னம், மைனஸ் நம்பர், விகிதம், ஸ்கொயர், நமக்கு வேணுங்கற கணக்கு இவ்வளவுதான். பிசிக்ஸ்லயும் ஒரே ஒரு விஷயம் நல்லா உள்ள எறங்கணும். ஒரு அளவ எந்த ஜீரோல இருந்து அளக்குறோம்ங்கறது. அழுத்தம் அளக்குற கேஜ்ல இருக்குற ஜீரோ வேற, நெஜ ஜீரோ வேற. இது புரியாம நான் பட்டது என்னன்னு முதல்ல சொல்றேன்.

வேலைக்கு சேந்த ரெண்டாவது வருஷம் எங்க மேஸ்திரி என்னைய மொத தடவ தனியா ஏற்காட்டுக்கு அனுப்புனாரு. ஒரு லாட்ஜ் கிச்சன்ல டீப் ஃப்ரீசர், கம்ப்ரஸர் மாத்தணும். வேக்கம் பம்ப்ப (பைப்புக்குள்ள இருக்குற காத்த உறிஞ்சி எடுக்குற பம்ப்) பஸ்ல தூக்கிட்டுப் போயி கம்ப்ரஸர மாத்தி பிரேசிங் (பைப்ப சூடு பண்ணி ஒட்டுறது) எல்லாம் முடிச்சு பம்ப்ப போட்டேன், கேஜ் முள்ளு 25 இன்ச்ல வந்து நின்னுடுச்சு, அதுக்கு மேல அசையவே இல்ல. கீழ சேலத்துல எப்பவும் 29 கிட்ட போயிதான் நிக்கும். லீக்குன்னு முடிவு பண்ணிட்டேன். நைட்ரஜன் ஏத்தி ஒவ்வொரு ஜாயிண்டா சோப்பு தண்ணி வச்சேன், ஒண்ணும் தெரியல, இருந்தாலும் சந்தேகத்துல ரெண்டு ஜாயிண்ட திரும்ப பிரேசிங் பண்ணேன், ஹோஸ் வாஷர் மாத்துனேன், பம்ப்புக்கு ஆயில் மாத்துனேன், மறுபடியும் அதே 25. சாயங்காலம் மேஸ்திரிக்கு போன் போட்டா பம்ப் போயிருக்கும் கொண்டாந்துருன்னுட்டாரு. ஃப்ரீசர்ல இருந்த மீனும் கோழியும் அன்னைக்கு வீணாப் போச்சு, அந்த லாட்ஜ்காரர் கிச்சன் வாசல்லயே நின்னுட்டு இருந்தாரு, ஒரு வார்த்தை திட்டல, அதுதான் இன்னும் கஷ்டமா இருந்துச்சு. கடைசி பஸ்ல இறங்கி வந்து கடையில அதே பம்ப்ப அதே கேஜ்ல போட்டா 29.

எங்க தெருவுல ரிட்டயர் ஆன ஐடிஐ வாத்தியார் ஒருத்தர் இருந்தாரு. மறுநாள் காலையில அவருகிட்ட சொன்னேன். நீ ஒன்றரை கிலோமீட்டர் உயரத்துக்கு ஏறிப் போயிருக்கியேப்பா, அங்க இருக்குற காத்தே 25 இன்ச்தான், இல்லாதத எப்படி பம்ப் உறிஞ்சும்னு கேட்டாரு.

நம்ம தலைக்கு மேல இருக்குற காத்தோட எடைதான் காத்தழுத்தம். கடல் மட்டத்துல அது 14.7 பிஎஸ்ஐ (ஒரு சதுர இன்ச் மேல இத்தன பவுண்டு), பாதரச கணக்குல 29.92 இன்ச். சேலம் கிட்டத்தட்ட 280 மீட்டர் உயரம், இங்க 14.2 பிஎஸ்ஐ, 29 இன்ச். ஏற்காடு 1500 மீட்டருக்கு மேல, அங்க சுமாரா 12.2 பிஎஸ்ஐதான், இன்ச்ல சொன்னா 25. காம்பவுண்ட் கேஜ் (அழுத்தம், வேக்கம் ரெண்டையும் காட்டுற கேஜ்) சுத்தி இருக்குற காத்த ஜீரோன்னு வச்சிக்கிட்டு அங்க இருந்து அளக்குது, ஹோஸ கழட்டிப் போட்டா சேலத்துலயும் ஜீரோ காட்டும் ஏற்காட்டுலயும் ஜீரோ காட்டும், ஆனா ரெண்டு ஜீரோவும் ஒண்ணு இல்ல. நான் அன்னைக்கு பாத்த 25ங்கறது அங்க கெடைக்கக்கூடிய முழு வேக்கம், வேலை மதியமே முடிஞ்சிருந்துச்சு. காலி தண்ணி பாட்டில ஏற்காட்டுல இறுக்கி மூடி பையில போட்டுட்டு 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி கீழ வந்து பாருங்க, பாட்டில் நசுங்கி இருக்கும். மேல இருந்த காத்து உள்ள, கீழ இருக்குற காத்து வெளிய.

இதனாலதான் அழுத்தத்த பெருக்குற வகுக்குற எந்த கணக்குலயும் கேஜ் ரீடிங்கோட அந்த ஊர் காத்தழுத்தத்த கூட்டிக்கணும், அதுதான் ஆப்சொல்யூட். கம்ப்ரஷன் ரேஷியோ போடச் சொல்லுவாங்க, அதாவது கம்ப்ரஸர விட்டு வெளிய போற அழுத்தம் (டிஸ்சார்ஜ்) உள்ள வர்ற அழுத்தத்தப் (சக்ஷன்) போல எத்தன மடங்குன்னு. ஃப்ரிட்ஜ்ல சக்‌ஷன் 0, டிஸ்சார்ஜ் 150னு கேஜ் காட்டுதுன்னு வைங்க, 150ஐ 0ஆல வகுக்க முடியுமா? ரெண்டுலயும் கடல் மட்டத்து 14.7 கூட்டுங்க, 164.7ஐ 14.7ஆல வகுத்தா 11.2. கணக்கு சரியா வருது.

அடுத்தது அழுத்தமும் கொதிநிலையும். எங்க அம்மா ஏற்காட்டுல சொந்தக்காரங்க வீட்டுக்குப் போனா பருப்பு வேகவே மாட்டேங்குதுன்னு சொல்லுவாங்க, ஏன்னா அங்க தண்ணி 95 டிகிரிலயே கொதிச்சிடும், அதுக்கு மேல சூடு ஏறாது. குக்கர்ல வெயிட் போட்டா அழுத்தம் கூடி 120 டிகிரி வரைக்கும் போகும், சீக்கிரம் வேகுது. அழுத்தம் ஏறுனா கொதிநிலை ஏறும், இறங்குனா இறங்கும். ஏசிக்குள்ள நடக்குறதும் இதேதான். இண்டோர் காயில்ல அழுத்தத்த குறைச்சு வச்சு உள்ள சுத்துற கேஸ (ரெஃப்ரிஜரன்ட்) 5 டிகிரி மாதிரி கொதிக்க விடுறோம், கொதிக்கணும்னா சூடு வேணுமில்ல, அத ரூம் காத்துல இருந்து புடுங்குது. அவுட்டோர்ல அழுத்தத்த ஏத்தி 50 டிகிரி பக்கத்துல அத திரவமா மாத்துறோம், வெளிய 40 டிகிரி வெயில் அடிச்சாலும் கேஸ் அதைவிட சூடா இருக்குறதால சூட்ட வெளிய தள்ள முடியுது. சூடு எப்பவும் மேட்டுல இருந்து பள்ளத்துக்குத்தான் ஓடும், கம்ப்ரஸர் பண்றதெல்லாம் கேஸ பள்ளத்துல இருந்து மேட்டுக்குத் தூக்கி விடுறதுதான்.

ஆர் 22ங்கற கேஸுல 68 பிஎஸ்ஐன்னா கொதிநிலை 4 டிகிரி, ஆர் 134ஏங்கற கேஸுல 28 பிஎஸ்ஐன்னா 0 டிகிரி, இப்படி அழுத்தம், கொதிநிலை சார்ட்ல இருக்கும். அந்த சார்ட்ட கடல் மட்டத்து காத்த வச்சு போட்டிருப்பாங்க. ஏற்காட்டுல அதே 0 டிகிரிக்கு கேஜ் 30க்கு மேல காட்டும். ஏசியில இந்த வித்தியாசம் பெருசா தெரியாது, சின்ன ஃப்ரிட்ஜ்ல தெரியும். ஆர் 600ஏங்கற ஃப்ரிட்ஜ் கேஸ் மைனஸ் 20ல கொதிக்கிறப்போ ஆப்சொல்யூட்ல பத்தரை பிஎஸ்ஐ, கேஜ்ல சேலத்துல ஏழு எட்டு இன்ச் வேக்கம் காட்டும், ஏற்காட்டுல மூணு நாலு இன்ச்தான் காட்டும். இது தெரியாத பையன் கேஸ் ஜாஸ்தியாயிடுச்சுன்னு திறந்து விட்டுடுவான். அது பத்திக்கிற கேஸ் வேற, கிச்சன்ல அடுப்பு எரிஞ்சிட்டு இருக்கும், அதனால அந்த கேஸ கேஜ் பாத்து போடாதீங்க, தராசுல கிராம் கணக்கா எடை வச்சு போடுங்க.

வெப்பத்துலயும் இதே ஜீரோ பிரச்சினைதான். சித்திரை மாசம் சாயங்காலம் 38 டிகிரி இருக்குறப்போ பைப் லைன்ல நைட்ரஜன் 300 பிஎஸ்ஐ ஏத்தி வச்சிட்டு வீட்டுக்குப் போறோம், காலையில 26 டிகிரி, வந்து பாத்தா 288. உடனே லீக்குன்னு சுவத்த இடிக்க ஆரம்பிச்சுடுவாங்க, நான் கண்ணால பாத்திருக்கேன், புது வீட்டு சுவர் தம்பி. கணக்கு போட்டுப் பாருங்க. சென்டிகிரேட்ல ஜீரோங்கறது தண்ணி உறையுற இடம், நெஜ ஜீரோ அதுக்கு 273 டிகிரி கீழ இருக்கு, அங்க இருந்து அளக்குறது கெல்வின். 38ங்கறது 311, 26ங்கறது 299. அழுத்தத்துக்கும் காத்த கூட்டிக்கங்க, 314.7. இத 299ஆல பெருக்கி 311ஆல வகுத்தா 302.6 வரும், அதுல 14.7ஐ கழிச்சா 288. ஒரு சொட்டு லீக் இல்ல, ராத்திரி குளுந்துச்சு, அவ்வளவுதான். ஆனா காலையில அதே 38 டிகிரி இருந்து 288 காட்டுச்சுன்னா அது லீக்கேதான். அதனால அழுத்தத்த எழுதி வைக்கிறப்போ பக்கத்துலயே டெம்பரேச்சரையும் எழுதி வைக்கணும், இத மட்டும் என்கிட்ட வேலை கத்துக்கிற பசங்க விட்டா நான் கோவப்படுவேன். (நைட்ரஜனுக்கு பதிலா ஆக்சிஜன் சிலிண்டர மட்டும் எந்த காலத்துலயும் மாட்டிடாதீங்க, உள்ள ஆயில் இருக்கு, வெடிச்சிடும்.)

மைனஸ் நம்பர்ல பசங்க நிறைய தப்பு பண்றாங்க. சூப்பர்ஹீட் பாக்கணும், அதாவது கேஸ் கொதிநிலைக்கு மேல எவ்வளவு சூடாயிருக்குன்னு, கேஸ் கொதிக்கிறது மைனஸ் 23, சக்‌ஷன் பைப் மைனஸ் 15. வித்தியாசம் எவ்வளவுன்னு கேட்டா 38ங்கறான். 8 தம்பி. ஒரு ஏணிய நெனச்சுக்கங்க, தரைக்குக் கீழ 23ஆவது படியில இருந்து 15ஆவது படிக்கு ஏறுனா எட்டு படி. ஃபாரன்ஹீட்டுக்கு மாத்துறப்பவும் அப்படித்தான், டெம்பரேச்சர மாத்துனா 1.8ஆல பெருக்கி 32 கூட்டணும், ஆனா வித்தியாசத்த மாத்துனா 32 கூட்டவே கூடாது. 10 டிகிரி சென்டிகிரேட் வித்தியாசம்னா ஃபாரன்ஹீட்ல 18 வித்தியாசம், 50 இல்ல. 32ங்கறது ரெண்டு ஸ்கேலோட ஜீரோவும் தள்ளி இருக்குற தூரம், கழிக்கும்போது அது தானா போயிடும்.

டன்னுன்னா என்னன்னு கேட்டா பாதிப் பேரு ஏசியோட எடைன்னு நினைக்கிறாங்க. மெட்ராஸ்ல ஐஸ் ஹவுஸ்னு ஒரு கட்டடம் இருக்குல்ல, இப்ப விவேகானந்தர் இல்லம், 1842ல அத கட்டுனதே அமெரிக்காவுல இருந்து கப்பல்ல வந்த ஐஸ போட்டு வைக்கத்தான். அப்ப குளுமைய ஐஸ் எடையிலதான் வாங்குனாங்க. ஒரு அமெரிக்க டன், அதாவது 2000 பவுண்டு ஐஸ், 24 மணி நேரத்துல உருகுறப்போ எவ்வளவு சூட்ட இழுக்குமோ அதுதான் ஒரு டன். ஒரு பவுண்டு ஐஸ் உருக 144 பிடியு (சூட்ட அளக்குற ஒரு அலகு), 2000ஆல பெருக்கி 24ஆல வகுத்தா மணிக்கு 12000 பிடியு. கிலோவாட்ல 3.5.

இதுல உள்ளுறை வெப்பம்னு ஒண்ணு வருது, டெம்பரேச்சர் மாறாம உருகுறதுக்கும் உறையுறதுக்கும் கொதிக்கிறதுக்கும் ஆகுற சூடு, பாடத்துல ரெண்டு வரியில முடிச்சிடுவாங்க, அது எவ்வளவு பெருசுன்னு நம்பர்ல பாத்தாதான் தெரியும். 100 லிட்டர் தண்ணி 35 டிகிரில இருக்கு, ஒரு டன் மெஷின் போட்டா 0 டிகிரி வர்றதுக்கு சுமாரா 70 நிமிஷம். அதே 0 டிகிரி தண்ணி அதே 0 டிகிரி ஐஸா மாற இன்னும் ரெண்டரை மணி நேரத்துக்கு மேல ஆகும். தெர்மாமீட்டர் அசையாது, மெஷின் ஓடிக்கிட்டே இருக்கும். ஏசியிலயும் டிரெய்ன் பைப்ல ஒரு லிட்டர் தண்ணி வருதுன்னா சும்மா வரல, காத்துல ஆவியா இருந்தத தண்ணியாக்க கிட்டத்தட்ட 2450 கிலோஜூல் செலவாயிருக்கு, மணிக்கு ஒரு லிட்டர்னா ஒரு டன்ல அஞ்சுல ஒரு பங்கு அதுக்கே போயிடும். மழை நாள்ல ஏசி குளுமை பத்தலன்னு போன் வந்தா கேஸ் செக் பண்றதுக்கு முன்னாடி கதவு ஜன்னல் சாத்தியிருக்கான்னு பாருங்க.

கரண்ட் பக்கம் முதல் வருஷத்துக்கு ஓம் விதியும், மல்டிமீட்டர்ல ஓம்ஸ் பாக்கத் தெரியறதும் போதும். கம்ப்ரஸர்ல காமன், ரன், ஸ்டார்ட்னு மூணு பின்னு, ரெண்டு ரெண்டா அளந்தா மூணு ரீடிங் வரும், 15, 22, 37னு வந்தா 15ம் 22ம் சேந்து 37, காயில் நல்லா இருக்கு. பெரிய ரீடிங் வந்த ரெண்டு பின்ன விட்டுட்டு மிச்சம் இருக்குறது காமன், காமனுக்கும் ரன்னுக்கும் குறைச்சலா காட்டும், ஸ்டார்ட்டுக்கு அதிகமா காட்டும்.

பைப்புக்கு பின்னம் வேணும், நம்ம பட்டறை பாஷையில ஒரு இன்ச்சுக்கு எட்டு நூல், அதனால 3/8 மூணு நூல், 5/8 அஞ்சு நூல். கால் இன்ச்ச அரை இன்ச் ஆக்குனா கேஸ் போற வழி ரெண்டு மடங்கு இல்ல, ஸ்கொயர்ல வர்றதால நாலு மடங்கு. கணக்கு வராதுன்னு சொல்ற பசங்கள்ல எத்தன பேரு செவ்வாய்ப்பேட்டை கொலுசு பட்டறையில அப்பாவுக்குப் பக்கத்துல உக்காந்து வெள்ளி டச்சும் (அதோட சுத்தம்) சேதாரமும் மனசுலயே போடுறவங்க தெரியுமா, அந்த கணக்கவிட இது சுளுவு.

ஒரு சின்ன நோட்டு வாங்கி பாக்கெட்ல வச்சுக்கங்க, முதல் பக்கத்துல 14.7ம் 273ம் எழுதுங்க. போற இடத்துலெல்லாம் கேஜ் ரீடிங், வெளி டெம்பரேச்சர், பைப் டெம்பரேச்சர், ஆம்ப்ஸ் எழுதி வைங்க, வீட்டுக்கு வந்து போட்டுப் பாருங்க. இப்பவே ஒண்ணு தர்றேன், சாயங்காலம் 35 டிகிரில நைட்ரஜன் 400 பிஎஸ்ஐ வச்சிட்டு வந்துட்டீங்க, காலையில 23 டிகிரி, லீக் இல்லன்னா கேஜ் எவ்வளவு காட்டணும்? பதில கமெண்ட்ல போடுங்க தம்பி, தப்பா வந்தாலும் ஸ்டெப்போட போடுங்க, எந்த இடத்துல மாறுச்சுன்னு பாத்து சொல்றேன்.