பள்ளியில் மிரட்டியவன், காதலிலும் மிரட்டுகிறான்

கேள்வி:
மதிப்புக்குரிய ஆலோசகருக்கு, நாங்கள் டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். என் மகன் பத்தாம் வகுப்பு. ஏழாவதில் ஒரு பையனுக்குப் பட்டப்பெயர் வைத்து, கூட்டம் சேர்த்து அழவைத்தான் என்று பள்ளியில் கூப்பிட்டுச் சொன்னார்கள். "பையன்கள் அப்படித்தான், வளர்ந்தால் சரியாகிவிடும்" என்றார் கணவர். இப்போது கூடப் படிக்கும் பெண்ணோடு பழகுகிறான். அவள் போன் பாஸ்வேர்டை வாங்கி வைத்திருக்கிறான். வாட்ஸ்அப்பில் பதில் தாமதமானால் கத்துகிறான். அவள் அழுவதை ஸ்பீக்கரில் போட்டு நண்பர்களோடு சிரிக்கிறான். போன வாரம் எங்கள் வாசலிலேயே அவள் கையை முறுக்கினான். கேட்டால், "அவள்மேல் அவ்வளவு ஆசைம்மா" என்கிறான். அவள் அம்மாவை வெள்ளிக்கிழமை கோயிலில் பார்ப்பேன். சொன்னால் அந்தப் பெண்ணுக்கு அடி விழுமோ என்று பயமாக இருக்கிறது. இருவரையும் பிரித்துவிட்டால் போதுமா?
- ஓர் அம்மா

பதில்:
அன்புச் சகோதரி,

பெற்ற மகனைப் பற்றி இவ்வளவு நேராக எழுதியதற்கு நன்றி. பிரித்தால் மட்டும் போதாது. அந்தப் பழக்கம் அவனோடுதான் இருக்கும், அடுத்த பெண்ணிடமும் போகும்.

கனடாவில் ஜெனிஃபர் கானலி, டெப்ரா பெப்ளர் முதலியோர் 5 முதல் 8ஆம் வகுப்பு வரையான பிள்ளைகளிடம் செய்த ஆய்வு 2000இல் வெளிவந்தது. மற்றவர்களைச் சீண்டி மிரட்டும் பிள்ளைகள் சீக்கிரமே காதலில் இறங்குகிறார்கள், அந்த உறவிலும் அதிகம் அடிக்கிறார்கள், அவமானப்படுத்துகிறார்கள் என்று கண்டார்கள். அன்று உங்கள் மகனுக்கு ஒருவனை அழவைத்தால் சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள், தனக்கு மதிப்பு கூடும் என்று தெரிந்தது. இன்று ஸ்பீக்கரில் போடுவதும் அதேதான். ஆள் மட்டும் மாறியிருக்கிறது, அதற்கு ஆசை என்று பெயர் வேறு. மிரட்டும் பிள்ளைகள் எல்லாரும் இப்படி ஆவதில்லை. ஆனால் தானாகச் சரியாகும் என்று காத்திருப்பதை நான் ஏற்கமாட்டேன்.

முதலில் அந்தப் பெண். அவளிடம் தனியாகப் பேசுங்கள். "நான் பார்த்தேன்மா, உன்மேல் தப்பில்லை. அவனைத் திருத்துவது உன் வேலையும் இல்லை" என்று சொல்லுங்கள். பிள்ளைகளுக்கான உதவி எண்ணான சைல்ட்லைன் 116ஐக் கொடுங்கள், அழைக்கக் காசில்லை. தென்னாப்பிரிக்காவின் 1998 குடும்ப வன்முறைச் சட்டம் காதலிப்பவர்களுக்கும் பொருந்தும். பதினெட்டு வயதுக்குக் கீழானவர்கள்கூடப் பெற்றோர் துணையில்லாமல் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். இது உங்கள் மகனுக்கும் தெரிய வேண்டும்.

அவள் அம்மாவிடம் சொல்வதா என்று அவளையே கேளுங்கள். வீட்டில் அடி விழும் என்றால், அவள் நம்பும் சித்தியோ, பள்ளியில் வாழ்க்கைத் திறன் பாடம் (லைஃப் ஓரியன்டேஷன்) எடுக்கும் டீச்சரோ முதலில் தெரிந்துகொள்ளட்டும். அம்மாவிடமே சொல்வதானால் "உங்கள் மகள் காதலிக்கிறாள்" என்று தொடங்காதீர்கள். "அக்கா, என் மகன் உங்கள் பெண்ணைக் கை நீட்டித் துன்புறுத்துகிறான், நான் கண்டிக்கிறேன்" என்று தொடங்குங்கள். பேச்சு உங்கள் மகனைப் பற்றியதாகவே இருக்கட்டும்.

அப்புறம் மகன். ஆசையா இல்லையா என்று அவனோடு வாதாட வேண்டாம். பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளும்படி அவனே அவளிடம் சொல்லட்டும், பிறகு கேட்கக் கூடாது. கையை முறுக்கியது தாக்குதல் என்று அப்பா தன் வாயால் சொல்ல வேண்டும். அவர் அன்று சொன்ன "அப்படித்தான்" அவன் காதில் இன்னும் இருக்கலாம். வீட்டில் கோபம் வந்தால் உங்களிடம் அவர் எப்படிப் பேசுகிறார் என்பதையும் அவன் பார்த்துக்கொண்டிருக்கிறான், அதையும் யோசியுங்கள். பள்ளி ஆலோசகரிடம் அவனைத் தொடர்ந்து அனுப்புங்கள். மாற்ற முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஆதாரம் உண்டு. உறவில் வன்முறையைத் தடுக்கவும் எட்டாம் வகுப்பினருக்காகப் பள்ளிகளில் நடத்திய பிரிப்பேர் என்ற திட்டத்தின் முடிவுகள் 2016இல் வந்தன. உறவில் வன்முறைக்கு ஆளானதாகச் சொன்னவர்கள், திட்டம் நடந்த பள்ளிகளில் சுமார் 35 சதவீதம், மற்றவற்றில் 41. சின்ன வித்தியாசம்தான், ஆனால் உண்மையானது.

அவள் பிரிய முடிவெடுத்தால் அந்த நாட்கள்தான் ஆபத்தானவை. அவன் அவள் வீட்டுப் பக்கம் போகாமல், செய்தி அனுப்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மிரட்டினால் உடனே அவளுடைய பெரியவர்களுக்கும் பள்ளிக்கும் நீங்களே சொல்லுங்கள்.