முடிச்சு கேள்வி-பதில்: படத்தில் இரண்டு கயிறு, வேலையில் ஒரே கயிறு

கேள்வி: சாரணர் பயிற்சிக்காக மகனுக்கு ஒரு முடிச்சுப் புத்தகம் வாங்கினேன். ஒரே தடிமனுள்ள இரண்டு கயிறுகளை இணைக்க ரீஃப் முடிச்சு போடலாம் என்கிறது. இன்னொரு புத்தகமோ கூடவே கூடாது என்கிறது. எதை நம்புவது?
- ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: இரண்டாவதை நம்புங்கள் அம்மா. சரக்குக் கப்பலில் போசனாக, அதாவது டெக் என்னும் மேல்தளத்து வேலையாட்களுக்குத் தலைவனாக இருந்தவன், அழுத்தியே சொல்கிறேன்.

பாய்க்கப்பலில் காற்று வலுத்தால் பாயின் ஒரு பகுதியைச் சுருட்டிக் கட்டிவிடுவார்கள். அதற்கு வந்ததுதான் ரீஃப் முடிச்சு: வலது முனையை இடதின் மேலும், பிறகு இடதை வலதின் மேலும் போட்டு முடிவது. பாய்ச்சுருளைச் சுற்றி வருவது ஒரே கயிறு. அதன் இரண்டு முனைகளைத்தான் முடிகிறோம். உள்ளிருக்கும் சுருள் எதிர்த்து அழுத்துவதால் முடிச்சு இறுக்கமாக நிற்கும். காற்று தணிந்ததும் ஒரு முனையைச் சுண்டி இழுத்தால் தளர்ந்துவிடும். மாலுமிக்கு வேண்டியது அதுதான்.

அதே குணம் இரண்டு கயிறுகளை இணைக்கும்போது எமனாகிறது. டெக்கில் புதிதாகச் சேர்ந்த பையன்களுக்கு நான் செய்து காட்டியதை உங்கள் மகனும் செய்து பார்க்கட்டும். வழுவழுப்பான இரண்டு நைலான் கயிறுகளில் இந்த முடிச்சைப் போட்டு, ஒரே கயிற்றின் முனையையும் அதன் நீளப் பக்கத்தையும் பிடித்து எதிரெதிராக வெடுக்கென்று இழுக்கச் சொல்லுங்கள். அந்தக் கயிறு நேராகிவிடும். மற்றது அதன் மேல் வெறும் வளையமாக நின்று, வழுக்கிக் கழன்று வரும். பாரம் ஆடினாலோ, முனை எதிலாவது மாட்டினாலோ இது தானாகவே நடக்கும்.

பிறகு எப்படி இந்தத் தவறு புத்தகத்துக்குப் புத்தகம் தொற்றுகிறது? என் கணிப்பு, படம்தான் காரணம். எது மேலே, எது கீழே என்று புரிவதற்காக ஒரு முனையைச் சிவப்பிலும் மற்றதை நீலத்திலும் வரைகிறார்கள். சுருட்டிய பாயையோ பொட்டலத்தையோ வரைவதில்லை. பார்ப்பவர் கண்ணுக்கு அவை இரண்டு கயிறுகள்! படத்துக்குக் கீழே 'இரண்டு கயிறுகளை இணைக்க' என்று ஒருவர் எழுதினால், அடுத்தவர் பாரம் கொடுத்துப் பார்க்காமல் அதையே எழுதுகிறார்.

எச்சரிக்கையும் புதிதல்ல. அமெரிக்கரான கிளிஃபோர்ட் ஆஷ்லி 1944-இல் வெளிவந்த தன் பெரிய முடிச்சுப் புத்தகத்திலேயே, வேறு அரை டஜன் முடிச்சுகள் சேர்ந்து வாங்கிய உயிர்களைவிட, கயிறு இணைக்கப் போட்ட இந்த ஒரு முடிச்சு வாங்கியது அதிகமாக இருக்கும் என்று எழுதினார். தலையெண்ணிச் சொன்னதல்ல, அவருடைய மதிப்பீடு. ஆனாலும் அதற்குப் பிறகு வந்த புத்தகங்களிலும் பழைய வரி இருக்கிறதே என்பதுதான் என் வருத்தம்.

சரி, இணைக்க எது? ஷீட் பெண்ட்: ஒரு கயிற்றின் முனையை மடித்து, மற்றதை அந்த மடிப்புக்குள் நுழைத்துச் சுற்றித் தன் அடியிலேயே செருகும் முடிச்சு. தடிமன் வேறுபட்டாலோ வழுக்கினாலோ இன்னொரு சுற்றுச் சுற்றிப் போடும் இரட்டை ஷீட் பெண்ட். ஆள் தொங்கும் கயிறென்றால் புத்தகத்தை மூடிவிட்டு, மலையேற்றப் பயிற்சியாளரிடம் நேரில் கற்கவேண்டும்.

கேள்வி: முதலுதவி வகுப்பில் கட்டுக்கு ரீஃப் முடிச்சுதான் சொல்லித் தந்தார்கள். அதுவும் தவறா?
- ஒரு மாணவர், திண்டுக்கல்

பதில்: இல்லை தம்பி, அது சரியான இடம். கையையோ காலையோ சுற்றி வருவது ஒரே துணி. முடிச்சும் தட்டையாகப் படியும். இதைப் பழைய ரோமானியர்கள் ஹெர்குலிஸ் முடிச்சு என்றார்கள். அதைப் போட்டுக் கட்டினால் காயம் சீக்கிரம் ஆறும் என்று முதல் நூற்றாண்டிலேயே பிளினி என்ற ரோமானிய எழுத்தாளர் எழுதிவைத்தார். முடிச்சு எந்தக் காயத்தையும் ஆற்றாது. காயத்தின் மேல் வராமல் பக்கவாட்டில் போட்டு, முனைகளை உள்ளே செருகிவிடுங்கள்.