தொண்டையில் காறும் எண்ணெய்

அன்புள்ள அக்காவுக்கு,

தண்டையார்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். என் கொழுந்தனார் கப்பலில் வேலை பார்க்கிறார். ஸ்பெயினிலிருந்து ஒரு லிட்டர் எக்ஸ்ட்ரா வர்ஜின் ஆலிவ் எண்ணெய் வாங்கி வந்தார். என் கணவருக்குக் கொலஸ்ட்ரால் இருப்பதால் இனி எல்லாவற்றுக்கும் இதையே ஊற்று என்று சொல்லிவிட்டார். சாம்பாருக்குத் தாளித்தேன், வஞ்சிரம் வறுத்தேன், ஒரு நாள் பஜ்ஜியும் போட்டேன். சாம்பாரில் ஏதோ பச்சிலை வாடை. பஜ்ஜியில் ஒன்றுமே தெரியவில்லை. பச்சையாக ஒரு சொட்டு நாக்கில் வைத்தால் தொண்டை காறுகிறது. மாமியார், "இது காறிப்போன எண்ணெய். குழந்தைக்குத் தேய்க்கிறதை எல்லாம் சட்டியில் ஊற்றலாமா?" என்கிறார். இன்னும் பாதி பாட்டில் இருக்கிறது. கெட்டுவிட்டதா? சூடாக்கலாமா, கூடாதா? நம் வீட்டில் செய்கிற மாதிரி எளிதாக ஏதாவது சொல்லுங்கள்.

உங்கள் வாசகி

*

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் உங்கள் மாமியாருக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். அவர் பேச்சில் நியாயம் இருக்கிறது. நம் வீடுகளில் எண்ணெய் தொண்டையில் காறினால் பழசாகிவிட்டது என்றுதான் அர்த்தம். கடலை எண்ணெய் அப்படிக் காறினால் நானும் கொட்டிவிடுவேன். ஆலிவ் எண்ணெயில் கணக்கு நேர்மாறு. புதிதாக எடுத்த நல்ல எண்ணெய்தான் தொண்டையைச் சுரீரென்று பிடிக்கும், சிலருக்கு இருமலே வந்துவிடும். ஓலியோகாந்தல் என்ற பொருள் அதற்குக் காரணம். சிசிலியில் புது எண்ணெயைச் சுவைத்துப் பார்த்த ஓர் அமெரிக்க விஞ்ஞானிக்கு, திரவ ஐபுப்ரோஃபென் மருந்து தொண்டையில் இறங்கும்போது வரும் அதே எரிச்சல் தெரிந்ததாம். அந்த எரிச்சலின் பின்னாலேயே போய், 2005ல் அவரும் உடன் வேலை செய்தவர்களும் நேச்சர் இதழில் இந்தப் பொருளைப் பற்றி எழுதினார்கள்.

அப்படியானால் கெட்ட எண்ணெயை எப்படிக் கண்டுபிடிப்பது? மூக்கால்தான். ஒரு சின்ன டம்ளரில் கொஞ்சம் ஊற்றி, உள்ளங்கையால் மூடி, கைச்சூட்டில் இரண்டு நிமிடம் வைத்து முகர்ந்து பாருங்கள். வெட்டிய புல், தக்காளிச் செடியின் இலை, பச்சைக் காய் இப்படி ஏதாவது ஒரு மணம் வந்தால் எண்ணெய் உயிரோடு இருக்கிறது. பழைய வேர்க்கடலை மாதிரி சிக்கு வாடை வந்தால் போய்விட்டது. சாம்பாரில் பச்சிலை வாடை என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உங்கள் எண்ணெய் நன்றாக இருக்கிறது. போன இடம்தான் தப்பு.

குழந்தைக்குத் தேய்ப்பதற்கென்று மருந்துக்கடையில் விற்பது வேறு, அதைச் சமையலுக்கு எடுக்க வேண்டாம். மற்றபடி இந்த எண்ணெயின் பெயர் நம் பக்கத்துக்குப் புதிதே இல்லை. ராயபுரத்துக் கிறிஸ்தவ வீடுகளில் வேதாகமம் வழியாக ஒலிவ எண்ணெய் என்ற சொல் எல்லோருக்கும் பழக்கம். மண்ணடியில் முஸ்லிம் பெரியவர்களிடம் கேட்டால் ஜைத்தூன் எண்ணெய் என்பார்கள். பெயர் வந்துவிட்டது, அடுப்படிக்குத்தான் இன்னும் சரியாக வரவில்லை.

எக்ஸ்ட்ரா வர்ஜின் என்பது ஆலிவ் பழத்தைக் கொட்டையோடு அரைத்து, கூழிலிருந்து இயந்திரத்தால் மட்டும் பிரித்தெடுத்த எண்ணெய். ரசாயனம் கிடையாது, சுத்திகரிப்பு கிடையாது. எண்ணெய் சிதையும்போது பிரிந்து நிற்கும் தனி கொழுப்பு அமிலம் 100 கிராமில் 0.8 கிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. நம் மரச்செக்கு நல்லெண்ணெய்க்கு இது உடன்பிறந்தது மாதிரி. நல்லெண்ணெயை நாம் எப்படி நடத்துகிறோம்? இட்லிப் பொடியில் குழி பறித்துப் பச்சையாக ஊற்றுகிறோம். வத்தக்குழம்பு இறக்கும்போது மேலே ஒரு கரண்டி விடுகிறோம். அங்கே அது சட்டியில் ஒட்டாமல் இருக்க ஊற்றும் பொருள் இல்லை, சுவையே அதுதான். ஆலிவ் எண்ணெயையும் அந்த இடத்தில் வையுங்கள். அதற்கு நாலைந்து சாமான் மட்டும் உள்ள சமையலைக் கொடுங்கள். சாம்பாரில் பெருங்காயம், வெந்தயம், கறிவேப்பிலை, புளி எல்லாம் கூடிப் பேசுகிற இடத்தில் அது என்ன செய்யும்?

இட்லிப் பொடிக்கும் இதை ஊற்றிப் பார்த்தேன். ஒத்துவரவில்லை. அந்த இடம் நல்லெண்ணெயுடையது. மீன்குழம்பும் அப்படித்தான், அதில் கை வைக்காதீர்கள்.

சூடாக்கலாமா என்றால், தாராளமாக. சூடாக்கினால் விஷமாகிவிடும் என்று சுற்றி வரும் பேச்சை நம்ப வேண்டாம். நல்ல எக்ஸ்ட்ரா வர்ஜின் ஏறக்குறைய 190 முதல் 210 டிகிரி செல்சியஸில்தான் புகையும். பஜ்ஜி பொரிக்கும் எண்ணெயே 170, 180 டிகிரிதான் இருக்கும். ஆனால் பொரித்தால் அந்தப் பச்சை மணம் பறந்துவிடும். நீங்கள் பஜ்ஜியில் கண்டது அதைத்தான். கடலை எண்ணெய் செய்யும் வேலைக்கு இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய எண்ணெயைச் செலவழிக்கக் கூடாது. நாம் எண்ணெயைப் புகைய விட்டுக் கடுகு போடுகிற பழக்கம் ஒன்று இருக்கிறது, அதை இங்கே மறந்துவிடுங்கள். தணலைக் குறைத்து, பாதி எண்ணெயைச் சமைக்கவும் மீதியை இறக்கிய பின் பச்சையாக ஊற்றவும் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, சமையலுக்கு வருவோம். காசிமேடு பக்கத்திலேயே இருக்கும் உங்களுக்கு நான் முதலில் சொல்வது பூண்டு இறால். உங்கள் எண்ணெய் வந்த ஸ்பெயினிலேயே மதுக்கடைகளிலும் வீடுகளிலும் செய்வது இது. உரித்துச் சுத்தம் செய்த இறால் கால் கிலோ. தண்ணீர் ஒரு சொட்டு இல்லாமல் துணியில் ஒற்றி எடுத்து, உப்புப் பிரட்டி வையுங்கள். எட்டுப் பல் பூண்டை மெல்லிய வில்லைகளாக நறுக்குங்கள், இடிக்க வேண்டாம். இரண்டு காய்ந்த மிளகாயைக் கிள்ளி விதையை உதறிவிடுங்கள். இப்போது முக்கியமான இடம்: சட்டி குளிர்ந்திருக்கும்போதே நாலு மேசைக்கரண்டி எண்ணெயும் பூண்டும் மிளகாயும் ஒன்றாகப் போட்டுச் சின்னத் தணலில் வையுங்கள். காய்ந்த எண்ணெயில் பூண்டைப் போட்டால் வெளியே கருகி உள்ளே பச்சையாக நிற்கும். இப்படி மெதுவாக ஏறினால் பூண்டின் மணம் முழுக்க எண்ணெயில் இறங்கும். ஓரம் லேசாகப் பொன்னிறமாக மாறியதும் தணலைக் கூட்டி இறாலைப் போடுங்கள். பக்கத்துக்கு ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் போதும். வளைந்து சிவந்ததும் இறக்கிவிடுங்கள். அதற்கு மேல் நின்றால் ரப்பர். அரை மூடி எலுமிச்சை பிழிந்து, மேலே ஒரு கரண்டி பச்சை எண்ணெய். மஞ்சள் வேண்டாம், மிளகாய்த்தூள் வேண்டாம், இஞ்சி பூண்டு விழுது வேண்டவே வேண்டாம். கை துடிக்கும், எனக்கும் துடித்தது. ஒரு முறை மட்டும் அடக்கிக்கொண்டு செய்து பாருங்கள். சட்டியில் நிற்கும் சிவந்த எண்ணெயைப் பன்னாலோ பிரெட்டாலோ துடைத்துச் சாப்பிடுவதுதான் இதன் உச்சம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் இறால் விலை ஏறிவிட்டால் காளானில் இதையே செய்யலாம், அதுவும் ஸ்பெயின் பழக்கம்தான்.

இந்தச் சுவை நமக்கு அந்நியமாக இருக்காது என்று நான் நம்புவதற்குக் காரணம் அத்தோ. பீச் ஸ்டேஷன் எதிரே, பர்மா பஜார் பக்கம், வியாசர்பாடியில் எத்தனை முறை சாப்பிட்டிருப்போம்! 1960களில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்தது. நூடுல்ஸில் முட்டைக்கோஸும் பொரித்த வெங்காயமும் போட்டு, பூண்டு மணக்கும் எண்ணெயை ஒரு கரண்டி விட்டுக் கையால் பிசைந்து கொடுப்பார்கள். அந்த எண்ணெய் இல்லாவிட்டால் அத்தோ வெறும் மாவு. இத்தாலியில் நேப்பிள்ஸ்காரர்களும் இதே கதைதான். பாஸ்தாவை வேகவைத்து, மேலே சொன்ன மாதிரி பூண்டும் மிளகாயும் இறக்கிய ஆலிவ் எண்ணெயில், வெந்த தண்ணீர் அரை டம்ளர் சேர்த்துப் பிரட்டுவார்கள். அதன் பெயருக்கே 'பூண்டும் எண்ணெயும்' என்றுதான் அர்த்தம். பிள்ளைகளுக்குப் பள்ளிவிட்டு வந்ததும் கால் மணி நேரத்தில் செய்து கொடுக்கலாம்.

காலையில் தக்காளி பிரெட். இது ஸ்பெயினின் கட்டலோனியாப் பக்கத்தில் தினமும் சாப்பிடுவது. பிரெட்டை எண்ணெய் இல்லாமல் தோசைக்கல்லில் மொறுமொறுவென்று வாட்டி, நறுக்கிய பூண்டை ஒரு தேய் தேய்த்து, பழுத்த தக்காளியைக் குறுக்கே வெட்டி அதன் மேல் அழுத்தித் தேய்த்துத் தோலை எறிந்துவிடுங்கள். உப்பு, எண்ணெய். அவ்வளவுதான். புளிப்புள்ள நாட்டுத் தக்காளிதான் இதற்கு வேண்டும். கெட்டித்தோல் பெங்களூர்த் தக்காளியில் சாறே வராது.

அப்புறம் வெந்த கொண்டைக்கடலை சூடாக இருக்கும்போதே வெங்காயம், எலுமிச்சை, எண்ணெய். கிரேக்கர்கள் கீரையை வேகவைத்து எண்ணெயும் எலுமிச்சையும் விட்டுச் சாப்பிடுவார்கள், நம் சிறுகீரைக்கும் அது பொருந்துகிறது. சங்கரா மீனை உப்பு மட்டும் தடவிக் கல்லில் சுட்டு, மூன்று பங்கு எண்ணெயும் ஒரு பங்கு எலுமிச்சைச் சாறும் அடித்து மேலே ஊற்றலாம்.

உங்கள் கணவர் விஷயம். ஸ்பெயினில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த பிரெடிமெட் என்ற ஆய்வு 2013ல் வெளிவந்தது, முறையில் கண்ட குறைகளைச் சரிசெய்து 2018ல் மறுபடி வெளியிட்டார்கள். எக்ஸ்ட்ரா வர்ஜின் ஆலிவ் எண்ணெய் சேர்த்துக்கொண்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை குறைந்தன என்பது முடிவு. ஆனால் அவர்கள் காய்கறி, பருப்பு, மீன் என்று மொத்தச் சாப்பாட்டையே அந்த வழியில் சாப்பிட்டார்கள். வழக்கமான வறுவலுக்கும் பொரியலுக்கும் மேலே இதையும் சேர்த்து ஊற்றினால் பலன் இல்லை. ஒரு மேசைக்கரண்டிக்கு 120 கலோரி, எந்த எண்ணெயாக இருந்தாலும் அதே அளவுதான். 'லைட்' என்று போட்ட பாட்டிலில் குறைந்திருப்பது நிறமும் மணமும் மட்டுமே. மருத்துவர் கொடுத்த மாத்திரையை எண்ணெயை நம்பி நிறுத்த வேண்டாம். அடுத்த முறை இங்கே வாங்கினால் 'பொமேஸ்' என்ற சொல் லேபிளில் இருக்கிறதா என்று பாருங்கள். அது பிழிந்த சக்கையிலிருந்து கரைப்பான் போட்டு எடுத்துச் சுத்திகரித்த எண்ணெய். விலை குறைவு, நான் சொன்ன மணம் அதில் இருக்காது.

பாட்டிலை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று எழுதவில்லையே. என் முதல் பாட்டிலை அடுப்புக்குப் பக்கத்து ஜன்னல் மேடையில், வெயில் படும்படி வைத்திருந்தேன். கத்திரி வெயில் முடிவதற்குள் சிக்கு அடித்துவிட்டது. முக்கால் பாட்டிலைக் கொட்டியபோது மனசு அவ்வளவு வலித்தது. வெளிச்சம், சூடு, காற்று மூன்றும் இதற்கு எமன். எண்ணெய்த் தூக்கில் மாற்றி ஊற்றாதீர்கள். அந்தக் கரும் பாட்டிலிலேயே, மூடியை இறுக்கி, அடுப்பிலிருந்து தள்ளி மூடிய அலமாரியில் வையுங்கள். திறந்தபின் இரண்டு மூன்று மாதத்துக்குள் முடித்துவிடுவது நல்லது.

பாதி பாட்டில் என்றால் பூண்டு இறாலுக்கு ஏழெட்டு முறை வரும். ஆனால் முதல் நாளே இறாலில் தொடங்காதீர்கள். மாமியாருக்கு ஒரு துண்டு தக்காளி பிரெட் செய்து கொடுங்கள். மேலே ஊற்றும் எண்ணெயை மட்டும் அவர் கையாலேயே ஊற்றச் சொல்லுங்கள். என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா, ராயபுரம்