புதிய பெல்ட் போட்டும் புல்வெட்டும் டிராக்டர் ஏற்றத்தில் நின்றுவிடுகிறது: மீண்டும் பெல்ட்டை மாற்றுவதா, ஸ்பிரிங்கை மாற்றுவதா?

மாதவரத்தில் உள்ள பள்ளித் திடலுக்காக வைத்திருக்கும் பழைய புல்வெட்டும் டிராக்டரில் இரண்டு மாதங்களுக்கு முன்புதான் ஓட்டும் பெல்ட்டை மாற்றியதாகவும், சமதரையில் நன்றாக ஓடும் வண்டி சரிவில் ஏறும்போது மட்டும் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கவே அசையாமல் நின்றுவிடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இன்னொரு பெல்ட் வாங்குவதற்கு முன் ஸ்பிரிங்கைக் கழற்றிப் பாருங்கள் என்பதே என் பதில். மணலிக்கு அருகே ஒரு குடியிருப்பின் பராமரிப்புப் பிரிவில் இதே வகை வண்டியைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். ஸ்பிரிங்கைச் சரியாகக் கவனிக்காமல் ஒரே ஆண்டில் மூன்று பெல்ட்டுகளை வீணாக்கியவன் என்பதால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இந்த வண்டிகளில் எஞ்சினின் தண்டு செங்குத்தாகக் கீழ்நோக்கி இருக்கும். அதன் புல்லியிலிருந்து பின்புறக் கியர்பாக்ஸின் புல்லிக்குச் செல்லும் வி-பெல்ட்டை, ஓர் அசையும் கரத்தில் பொருத்திய ஐட்லர் புல்லி அழுத்திப் பிடிக்கிறது; அந்தக் கரத்தை இழுத்துக்கொண்டிருப்பதுதான் நீங்கள் கேட்கும் ஸ்பிரிங். பெடலை மிதிக்கும்போது ஸ்பிரிங்கின் இழுவிசைக்கு எதிராகக் கரம் விலகி, பெல்ட் தளர்ந்து, கியர்பாக்ஸுக்குப் போகும் விசை அறுபடுகிறது. ஆகவே இங்கே கிளட்ச் என்று தனியாக ஒரு பொருள் கிடையாது. பெல்ட்டும் ஸ்பிரிங்கும் சேர்ந்துதான் கிளட்ச். வி-பெல்ட் தன் அடிப்பகுதியால் அன்றி, பள்ளத்தின் இரு சுவர்களிலும் ஆப்புபோல் இறுகும் பக்கவாட்டுகளால்தான் விசையைக் கடத்துகிறது. இழுவிசை குறைந்தால், குறைந்த சுமையில் சமாளித்து ஓடும் பெல்ட், ஏற்றத்தில் சுமை கூடியதும் சறுக்கும். சறுக்கும்போது சூடேறிப் பக்கங்கள் கண்ணாடிபோல் மழமழப்பாகும். மழமழப்பானபின் இன்னும் எளிதாகச் சறுக்கும். உங்கள் புதிய பெல்ட் இந்நேரம் அந்த நிலையில் இருக்கக்கூடும்.

எங்கள் வண்டியின் கதை 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு தொடங்கியது. ஷெட்டில் முழங்கால் அளவு தண்ணீர் இரண்டு நாட்கள் நின்றது. வடிந்தபின் எஞ்சின் ஆயிலை மாற்றி இயக்கியதும் வண்டி கிளம்பிவிட்டதால், அடியில் இருந்தவற்றை நான் பார்க்கவில்லை. சில வாரங்களில் பெல்ட் சறுக்கத் தொடங்கியது, மாற்றினேன், இரண்டே மாதங்களில் அதுவும் சறுக்கியது. இரண்டாவது முறை பாரிமுனையில் பெல்ட், பேரிங் விற்கும் கடையொன்றில், “அண்ணே, மாவு மில்லுக்கே இதான் ஓடுது, புல்லு வெட்ற வண்டிக்கு ஓடாதா?” என்று கேட்டார்கள். எனக்கும் நியாயமாகப்பட்டதால் வாங்கிவந்தேன். மில்லில் பெல்ட் ஒரே இறுக்கத்தில் ஒரே திசையில் வளைந்து ஓடுகிறது. இங்கே ஐட்லரால் முதுகுப்புறமாகவும் வளைந்து, ஒவ்வொரு முறை பெடலை விடும்போதும் சறுக்கிச் சறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் இவ்வண்டிகளுக்கான பெல்ட்டில் பெரும்பாலும் பாலியெஸ்டர் நூலுக்குப் பதிலாக, சூட்டையும் இழுவையையும் தாங்கும் அராமிட் என்ற செயற்கை நூலும், வெளியே தேய்மானம் தாங்கும் துணியுறையும் வைக்கிறார்கள். அந்த மில் பெல்ட் மூன்று வாரங்கள்கூட நீடிக்கவில்லை.

மூன்றாவது முறை செய்தது அதைவிடப் பெரிய பிழை. ஸ்பிரிங்தான் காரணம் என்று அப்போது புரிந்திருந்தது. ஆனால் வலுவானதாக இருக்கட்டும் என்று 2.5 மில்லிமீட்டர் கம்பிக்குப் பதிலாக 3 மில்லிமீட்டர் கம்பியில் அதே அளவுக்குச் சுற்றித் தரச் சொன்னேன். ஸ்பிரிங்கின் விறைப்பு கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் கூடும். அரை மில்லிமீட்டர்தானே என்று நினைத்தது ஏறத்தாழ இரண்டு மடங்கு விறைப்பாகிவிட்டது. பெடலை முழுவதும் மிதித்தாலும் பெல்ட் சரியாகத் தளரவில்லை, கியர் போடும்போது பற்கள் அரைபட்டன, மழைநீரில் ஏற்கெனவே கிரீஸை இழந்திருந்த ஐட்லர் பேரிங் இறுகி நின்று, அதன்மேல் உரசிய பெல்ட் புகைந்துவிட்டது.

எனவே முதலில் நோயைக் கண்டறியுங்கள். பெடலை விட்ட நிலையில், எஞ்சின் நின்றிருக்கும்போது, ஐட்லர் கரம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். கரம் தன் பாதையின் கடைசிவரை போய்த் தட்டி நின்றால், ஸ்பிரிங் நன்றாக இருந்தாலும் இறுக்கம் வராது. அங்கே பெல்ட் நீளம் கூடுதல். கரம் நடுவில் நின்றும் பெல்ட் தளர்வாக இருந்தால், ஸ்பிரிங் சோர்ந்திருக்கிறது, அல்லது கரத்தின் அச்சு துருவாலும் புல் சேற்றாலும் இறுகியிருக்கிறது. இந்த இரண்டையும் பிரித்தறிய ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டுக் கரத்தைக் கையால் அசைத்தால் போதும். கழற்றிய ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். இடையில் வெளிச்சம் தெரிந்தால் அது நிரந்தரமாக நீண்டுவிட்டது. எண்ணூர், திருவொற்றியூர் பக்கத்து உப்புக்காற்றில் நிற்கும் வண்டிகளில் கொக்கியின் வளைவில் துருக்குழிகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள், ஏனென்றால் அங்கிருந்துதான் விரிசல் தொடங்கும்.

வண்டிக்குரிய ஸ்பிரிங் கிடைத்தால் அதையே வாங்குங்கள். கிடைக்காமல் பட்டறையில் சுற்றக் கொடுப்பதானால், கம்பியின் விட்டம், வெளிவிட்டம், சுற்றுகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் பழையதிலிருந்தே எடுக்கலாம். நீளத்தை மட்டும் நீண்டுபோன ஸ்பிரிங்கிலிருந்து அளந்து கொடுக்காதீர்கள், சுற்றுகள் ஒட்டியிருக்கும் கணக்கில் சொல்லுங்கள். துருப்பிடிக்காத எஃகில் செய்தால் அதே அளவுக்கு விறைப்பு பத்தில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமாகக் குறையும் என்பதால், நான் சாதாரண ஸ்பிரிங் எஃகையே எடுத்து அவ்வப்போது எண்ணெய் பூசி வைக்கிறேன். பெல்ட் வாங்கும்போது ஒரு குழப்பம் நேரும். ‘ஏ 82’ என்ற அளவுக் குறியில் ஏ என்பது பெல்ட்டின் குறுக்களவு வகை, 82 அங்குலம் உட்புற நீளம். அதே பெல்ட்டை வெளிப்புற நீளத்தால் குறிப்பவர்கள் 84 அங்குலம் என்பார்கள். எண்ணை மட்டும் சொல்லிக் கேட்டால் 2 அங்குலம் பிசகி, கரம் போய்த் தட்டி நிற்கும் நிலைக்கே திரும்ப வருவீர்கள்.

மாற்றும் வேலை அரை நாளில் முடியும். பிளக் வயரைக் கழற்றி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, கத்திகள் உள்ள புல்வெட்டும் தட்டை இறக்கி வெளியே இழுத்துவிடுங்கள். எஞ்சின் புல்லியில் அந்தத் தட்டின் கத்திகளைச் சுழற்றும் பெல்ட் பெரும்பாலும் கீழ்ப்பள்ளத்தில் இருப்பதால் அது வராமல் மேலே உள்ள ஓட்டும் பெல்ட் வராது. பெடலை அழுத்திப் பார்க்கிங் பிரேக்கைப் பூட்டினால் கரம் தளர்ந்த நிலையில் நிற்கும். பெல்ட் செல்லும் வழியைக் கைபேசியில் நான்கைந்து கோணங்களில் படமெடுத்துக்கொள்ளுங்கள். புல்லிகளின் ஓரத்தில் பெல்ட் நழுவாமல் காக்கும் கம்பிகளைத் தளர்த்தி, பழையதை எடுத்து, புதியதை அந்தக் கம்பிகளுக்கு உட்புறமாகவே விட வேண்டும்; வெளியே போய்விட்டால் பத்து நிமிட ஓட்டத்தில் அறுந்துவிடும். இந்நேரத்தில் ஐட்லர்களைக் கையால் சுழற்றி, கரகரத்தால் பேரிங்கையும், பள்ளத்தின் அடி பளபளத்தால் தேய்ந்த அந்தப் புல்லியையும் மாற்றிவிடுங்கள்.

ஸ்பிரிங்கைக் கடைசியில் மாட்டுங்கள். குறடால் கொக்கியைப் பிடித்து இழுப்பது ஆபத்து; நழுவினால் நேரே முகத்துக்குத்தான் வரும். ஸ்பிரிங்கை இப்படியும் அப்படியும் வளைத்து, விரியும் பக்கத்தில் சுற்றுகளுக்கிடையே வாஷர்களைச் செருகிக்கொண்டே போனால் அது தானாக நீண்டு நிற்கும். எளிதாகக் கொக்கியை மாட்டிவிடலாம்; பிறகு பெடலை மிதித்தால் ஸ்பிரிங் இன்னும் நீண்டு வாஷர்கள் உதிரும், பாதுகாப்புக் கண்ணாடி அணிந்திருங்கள். சறுக்கலுக்குப் பெல்ட்டில் பிசின் தடவச் சொல்பவர்கள் இருக்கிறார்கள், அதில் புல்தூசுதான் ஒட்டும்.

முதல் ஓட்டத்தைச் சமதரையில், குறைந்த கியரில் வையுங்கள். பெடலை மிதித்தபின்னும் வண்டி ஊர்ந்தால் சரிவுக்குக் கொண்டுபோகாமல், ஸ்பிரிங் விறைப்பு, பெல்ட் நீளம், காப்புக் கம்பிகளின் இடம் ஆகியவற்றை அதே வரிசையில் மறுபடி பாருங்கள். பெல்ட் முதல் சில மணி நேரத்தில் சற்றே நீளும் என்பதால், இன்று கரம் நிற்கும் இடத்தைச் சட்டத்தில் பெயிண்டால் குறித்துவைத்து, இரண்டு முறை புல் வெட்டியபின் ஒப்பிட்டுப் பாருங்கள்.