பசி தெரியாத மகளின் மாலைக் கோபம்

பெங்களூரு மாரத்தஹள்ளி டிராஃபிக்கில் ஊர்ந்து வேன் வீடு சேர்ந்ததும் ஆறு வயது மகள் கத்துகிறாள், பசியா என்றால் இல்லை என்கிறாள், சாப்பிட்டதும் அடங்கிவிடுகிறாள் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு இது பிடிவாதமாகத் தோன்றவில்லைங்க. வயிறு, இதயம், சிறுநீர்ப்பை அனுப்பும் சேதிகள் வேகஸ் நரம்பு (உள்ளுறுப்புகளை மூளையோடு இணைக்கும் நரம்பு), தண்டுவடம் வழியாக, உடலுக்குள் நடப்பதை உணரும் இன்சுலா என்ற மூளைப் பகுதிக்குப் போகின்றன. அதில் எது பசி, எது பயம் என்று பிரித்தறிய, பெரியவர்களின் பேச்சும் குழந்தைக்கு உதவுகிறது. 'நான்' என்ற உணர்வும் இதையொட்டி வளர்கிறது என்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அதனால் 'வயிறு காலியா இருக்கா, இறுக்கமா இருக்கா?' என்று கேட்டுப் பாருங்கள். 'எனக்குத் தலை கனக்குது, தண்ணி குடிக்கணும்' என்று நீங்களும் அவள் காதுபடச் சொல்லுங்கள். 'இப்பதானே சாப்பிட்டே, பசிக்காது' என்பது மட்டும் வேண்டாம் (பாட்டிகளை நிறுத்துவது கஷ்டம்தான்). அடிக்கடி தாகம், உடையிலேயே சிறுநீர் போவது இருந்தால் முதலில் குழந்தை மருத்துவரைப் பாருங்கள்.