ஊருக்கு ஒரு லெஃபெவ்ர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகளை வடபிரான்சில் லீல் நகரத்தில் கொடுத்திருக்கிறோம். மருமகனின் குடும்பப்பெயர் லெஃபெவ்ர். எழுத்தில் (Lefebvre) நடுவே ஒரு ‘பி’ இருக்கிறது, யாரும் அதை உச்சரிப்பதில்லை. ஏன்? நெப்போலியனின் தளபதி ஒருவருக்கும் இதே பெயராமே, ஒரே வம்சமாக இருக்குமா? இணையத்தில் ‘லெஃபெவ்ர் குலச்சின்னம்’ என்று படச்சட்டம் போட்டு விற்கிறார்கள். பேரனின் முதல் பிறந்தநாளுக்கு வாங்கலாம் என்றிருக்கிறேன்.

மீ., திருச்சி

அன்புள்ள மீ.,

தயவுசெய்து வாங்காதீர்கள். சின்னம் என்பது பெயருக்கு உரியதல்ல, குறிப்பிட்ட ஒரு குடும்பக் கிளைக்கு உரியது. அது இருப்பதாலேயே பிரபுகுலம் என்றும் ஆகிவிடாது. 1696-இல் பதினான்காம் லூயி, போர்ச் செலவுக்குப் பணம் திரட்டுவதற்காகச் சின்னங்களைக் கட்டணத்துக்குப் பதிவுசெய்ய ஆணையிட்டார். தனியாளுக்கு 20 லீவ்ர் (அக்காலப் பிரெஞ்சு நாணயம்). கடைக்காரர்களும் கைவினைஞர் சங்கங்களும்கூட அதில் பதிவானார்கள்.

லெஃபெவ்ர் என்றால் கொல்லர், அவ்வளவுதான். லத்தீனில் ‘ஃபாபெர்’ என்பது கைவினைஞரைக் குறிக்கும். அது பழைய பிரெஞ்சில் ‘ஃபெவ்ர்’ ஆகி, பெரும்பாலும் இரும்பு வேலை செய்பவரைச் சுட்டியது. முன்னால் இருக்கும் ‘லெ’, ‘அந்த’ என்பதுபோன்ற சுட்டு. பின்னாளில் ‘ஃபோர்ஜெரோன்’ என்ற சொல் வந்து ‘ஃபெவ்ர்’ வழக்கொழிந்தது. பொற்கொல்லரைக் குறிக்கும் ‘ஓர்ஃபெவ்ர்’ என்ற சொல்லில் மட்டும் இன்றும் உயிரோடு இருக்கிறது. கலப்பைக்கும் லாடத்துக்கும் கொல்லர் இல்லாமல் எந்த ஊரும் நடக்காது. ஆகவே பட்டப்பெயர்கள் பரம்பரைப் பெயர்களாக உறைந்த இடைக்காலத்தில், ஊருக்கு ஊர் தனித்தனியாக இந்தப் பெயர் முளைத்தது. தெற்கே அதுவே ஃபாப்ர், ஃபோர். சவோயில் ஃபாவ்ர். பிரெத்தாஞ் பகுதியில், அவர்கள் மொழியில், லெ கோஃப். ஜெர்மன் வழக்குள்ள அல்சாசில் ஷ்மிட். பூச்சியியல் அறிஞர் ஃபாப்ரும், 1895-இல் குடியரசுத் தலைவரான ஃபோரும் சொல்லளவில் உங்கள் மருமகனுக்கு உறவு. இரத்த உறவு என்று சொல்ல எந்த முகாந்திரமும் இல்லை.

அந்த ‘பி’ எழுத்தர்கள் செருகியது. அக்காலத்தில் ‘யு’வும் ‘வி’யும் ஒரே எழுத்தின் இரு வடிவங்கள்தான். ‘lefeure’ என்று எழுதினால் நடுவில் இருப்பது உயிரா மெய்யா என்று தெரியாது. முன்னால் ஒரு ‘பி’யை வைத்தால் அடுத்தது ‘வி’ என்று கண்டுகொள்ளலாம். கூடவே லத்தீன் ‘ஃபாபெர்’ நினைவும் கிடைக்கும், லத்தீன் படித்தவர்களுக்கு அதில் ஒரு பெருமை. ஒலிக்க வேண்டும் என்று யாரும் அதை எழுதவில்லை. ஆனால் எழுத்தைப் பார்த்து வாசித்தவர்கள் சிலர் ‘லெஃபெபூர்’ என்றே உச்சரிக்க, அது தனிப் பெயராக நிலைத்துவிட்டது. அமெரிக்காவுக்குப் போன லெஃபெவ்ர்களில் சிலருக்கு நேர்ந்தது இன்னும் விசித்திரம். பெயரின் ஒலி, மொச்சை வகையைக் குறிக்கும் ‘ஃபேவ்’ போலக் கேட்டதால் ஆங்கிலத்தில் ‘பீன்’ ஆனார்கள்!

நீங்கள் கேட்ட நெப்போலியனின் தளபதி, மார்ஷல் லெஃபெவ்ர், 1755-இல் அல்சாசின் ரூஃபாக்கில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். 1807-இல் டான்ஸிக் கோட்டையைப் பிடித்ததற்காக அந்த ஊர்ப் பெயரில் கோமகன் பட்டம் பெற்றார். 1820-இல் அவர் இறந்தபோது பட்டத்துக்கு வாரிசு இல்லை.

உண்மையான வம்சாவளி வேண்டுமானால் மருமகனிடமிருந்து பின்னோக்கிப் போங்கள். பிறந்த ஊரின் நகராட்சியில் பிறப்புப் பதிவின் முழுப் பிரதியை அவரைக் கேட்கச் சொல்லுங்கள், கட்டணம் இல்லை. சுருக்கப் பிரதி வேண்டாம். அதில் ஒரு வகையில் பெற்றோர் விவரம் இருக்காது. 1897-க்குப் பிறகான திருமணங்கள் பிறப்புப் பதிவின் ஓரத்தில் குறிக்கப்பட்டிருக்கும். அங்கிருந்து பெற்றோரின் திருமணப் பதிவு, அதிலிருந்து அவர்களுடைய பெற்றோர் என்று ஒவ்வொரு படியாக ஏறலாம். 75 ஆண்டு கடந்த பிறப்பு, திருமணப் பதிவுகளை யாரும் பார்க்கலாம். லீல் அடங்கிய நோர் மாவட்டத்தின் ஆவணக்காப்பகம் பழையவற்றை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. ஆண்டு சரியாகத் தெரியாவிட்டால் பத்தாண்டுக்கு ஒருமுறை தொகுத்த பெயர் அட்டவணையில் முதலில் தேடுங்கள். 1793 முதல் 1805 வரை பதிவுகளில் இருப்பது பிரெஞ்சுப் புரட்சி அரசு கொண்டுவந்த தனி நாட்காட்டி. ‘எட்டாம் ஆண்டு ப்ரூமேர் 18’ என்றிருந்தால் அது 1799 நவம்பர் 9.

1792-க்கு முன்னால் தேவாலயப் பங்குப் பதிவேடுகள்தான். 1539-ஆம் ஆண்டின் பிரெஞ்சு அரச ஆணையால் ஞானஸ்நானப் பதிவேடு கட்டாயமானது என்று வழிகாட்டிகள் சொல்வதை லீலுக்குப் பொருத்த வேண்டாம். அப்போது லீல் பிரெஞ்சு மன்னரிடம் இல்லை, புனித ரோமப் பேரரசர் ஐந்தாம் சார்லசின் ஆட்சியில் இருந்தது, பிரான்ஸ் அதைக் கைப்பற்றியது 1667-இல்.

பெரும்பாலோர் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஒரே ஊரில் ஒரே காலத்தில் மூன்று ‘ழான் லெஃபெவ்ர்’ இருப்பார்கள். எழுத்துக்கூட்டலை வைத்துப் பிரிக்க முடியாது, ஒரே ஆளைப் பங்குக் குரு ‘பி’யோடும் ‘பி’ இல்லாமலும் எழுதியிருப்பார். எல்லா வடிவங்களிலும் தேடுங்கள். ஆளை உறுதிசெய்ய மனைவியின் பெயரைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சுப் பதிவுகளில் பெண் தன் பிறந்தவீட்டுப் பெயரிலேயே இருப்பாள், அது பெரும்பாலும் லெஃபெவ்ரைவிட அரிதான பெயராக இருக்கும். ஞானப் பெற்றோர், சாட்சிகள், கையொப்பத்தின் வடிவம் ஆகியவற்றையும் ஒப்பிடுங்கள். இவற்றில் குறைந்தது இரண்டு பொருந்தாமல் ஒரு தலைமுறையைக்கூட மேலே ஏற்ற வேண்டாம்.

பேரனுக்குச் சட்டம் போட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்றால், அந்தக் குடும்பத்தில் முதன்முதலாக ஒருவர் கையெழுத்திட்ட பதிவேட்டுப் பக்கத்தின் பிரதியைப் போட்டுக் கொடுங்கள்.